கடலில் முதல் சில நாட்கள்



கப்பற் பிரயாணம் பற்றிய நூல்களில் துறைமுகங்களும் பட்டினங்களுமே பெரும்பாலான பக்கங்களை எடுத்துக்கொள்கின்றன. நான் அவற்றில் முதலில் தேடிப் படிப்பது வேறொன்றை. கரை கண்ணுக்கு மறைந்தபின் வருகின்ற முதற் சில நாட்களை எழுத்தாளர் எவ்வாறு கழித்தார் என்பதே அது. முன்பின் அறியாதவர்கள் ஒன்றாக உண்டு உறங்கி ஒரு சிறிய ஊராக மாறுவது அந்த நாட்களிலேதான். இரண்டு நூல்களை முன்வைத்து இதுபற்றிச் சில வார்த்தைகள் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் 1869 இல் வெளியிட்ட 'த இனசன்ற்ஸ் அப்ரோட்'. இவர் 1896 ஜனவரியில் கொழும்புக்கும் வந்து சென்றவர். நூல் சொல்லும் பிரயாணம் அதற்கு வெகு முந்தியது. 1867 ஜூன் மாதம் 'குவேக்கர் சிற்றி' என்ற நீராவிக் கப்பல் நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பாவையும் பலஸ்தீனத்தையும் நோக்கிப் புறப்பட்டது. உல்லாசத்துக்கென்றே ஒழுங்கு செய்யப்பட்ட பிரயாணம். ஆளுக்கு 1250 டொலர் கட்டணம். அப்போது ருவெயினுக்கு வயது 31. பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி அனுப்பும் பொறுப்போடு கப்பலேறியவர் அவர்.

புறப்பட்ட அன்றே காற்றும் மழையும். கப்பல் திறந்த கடலுக்குள் செல்லாமல் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தது. பின்னர் கடலுக்குள் வந்ததும், வயது முதிர்ந்த பிரயாணிகள் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார்கள். ருவெயினுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. மற்றவர் வயிறு குமட்டும்போது தன் வயிறு சொற்கேட்டு நடப்பதில் மனிதனுக்கு எவ்வளவு கர்வம் வருகிறது என்று தன்னையே அவர் கேலி செய்கிறார்.

சில நாட்கள் போக, பேச்சு மாறுகிறது. கப்பலில் அரை மணிக்கொரு தடவை மணியடிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஓர் அடி கூடி, நான்கு மணி நேரத்தில் எட்டு அடிகள் ஆகும். அதுவரை கடலையே காணாதவர்களும் எட்டு, பன்னிரண்டு, நான்கு மணிகளை 'எட்டு மணி அடி' என்று மாலுமிகளைப் போலச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஓர் இளைஞனோ தன் கைக்கடங்கிய கடிகாரம் பழுதாகிவிட்டதென்று தவிக்கிறான். எவ்வளவு விரைவாக ஓடவிட்டாலும் அது கப்பல் மணிக்கு எட்டவில்லை. கப்பல் கிழக்கு நோக்கிச் செல்வதால் அதன் நேரம் நாளுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முன்னே செல்கிறது. கடிகாரத்தில் குற்றமில்லை. அது ஊர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரவில் எல்லோரும் கூடத்தில் அமர்ந்து நாட்குறிப்பு எழுதுகிறார்கள். முதல் இருபது நாட்களைப் பற்றி ஒவ்வொருவரிடமும் நூறு பக்கம் இருக்கும். பின்வந்த இருபதாயிரம் மைல்களைப் பற்றி இருபது பக்கம் காட்டக்கூடியவர் பத்துப் பேரும் இல்லை என்கிறார் ருவெயின். நகைச்சுவைதான். ஆயினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. புதிய இடம் பழகிவிட்டால் எழுதுகோல் ஓய்ந்துவிடுகிறது.

இரண்டாவது நூல் மைக்கல் ஒண்டாச்சியின் 'த கற்ஸ் ரேபிள்' என்னும் நாவல். 1943 இல் கொழும்பில் பிறந்த ஒண்டாச்சி 1954 இல் இங்கிலாந்து சென்றார். நாவலிலும் அதே 1954 இல் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் 'ஒரன்சே' கப்பலில் கொழும்பிலிருந்து தனியே புறப்படுகிறான். இருபத்தொரு நாள் பிரயாணம். உணவுக்கூடத்தில் அவனுக்குக் கிடைப்பது கப்டனின் மேசைக்கு வெகு தூரத்திலுள்ள, மதிப்பில்லாத 'பூனை மேசை'. அங்கே அவனுக்கு இரண்டு தோழர்கள் வாய்க்கிறார்கள். நாளுக்கு ஒரு தடையையேனும் மீறுவதென்று மூவரும் தீர்மானித்துக்கொள்கிறார்கள். விடியுமுன் எழுந்து முதல் வகுப்பாரின் நீச்சல் தடாகத்தில் குளிக்கிறார்கள். உயிர்காப்புப் படகுகளுக்குள் ஒளிந்திருந்து பெரியவர்களைக் கவனிக்கிறார்கள்.

ருவெயினின் கூட்டத்தார் திரும்பி வரப்போகிறவர்கள். அவர்களுக்குக் கப்பல் வாழ்க்கை ஒரு விளையாட்டு. இந்தச் சிறுவனோ ஊரை விட்டுவிட்டவன். அவனுடைய குறும்புகளுக்குள் ஒரு பயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நாவல் வெளிவந்தது 2011 இல். ஆசிரியர் கடல் கடந்து 57 ஆண்டுகள் சென்றபின். அவர் இதைக் கற்பனை என்றே சொன்னாலும், அந்த முதல் நாட்களுக்கு உருவம் கொடுக்க இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

நேயர்களே, நம்மவரிடையேயும் கப்பலேறியவர்கள் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் கொழும்பு அகதி முகாம்களிலிருந்து சரக்குக் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். உல்லாசத்துக்கும் அதற்கும் எவ்வித ஒப்புமையும் இல்லை. ஆனால் அங்கேயும் யாரோ ஒருவர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பார். யாரோ ஒரு தாய் பிள்ளைக்குப் படுக்கை விரித்திருப்பாள். அன்றைய சிறுவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிவிட்டார்கள். தம் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கொப்பியில் இரண்டு பக்கமாவது அவர்கள் எழுதி வைக்க வேண்டும். இலக்கியமாக அமையவேண்டும் என்பதில்லை. எங்கே படுத்தார்கள், என்ன உண்டார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதினாற் போதும்.