வேலியில் பிறந்த சொற்கள்

மர நிழலில் காலாற நடக்கிற இடத்தை ஆங்கிலத்தில் பார்க் என்கிறோம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கும் பார்க் என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்தான். இடைக்கால இங்கிலாந்தில் பார்க் என்றால், மன்னரும் பிரபுக்களும் வேட்டையாடுவதற்காக மான்களை அடைத்துவைத்த, சுற்றிலும் வேலியிட்ட நிலம். பிற்காலத்தில் படைகள் பீரங்கிகளையும் வண்டிகளையும் சேர்த்து நிறுத்திய இடமும் பார்க் ஆயிற்று. அங்கிருந்து அது மோட்டார் வண்டிக்கு வந்தது. கார்டன் என்ற சொல்லும் அடைப்பு என்னும் பொருள்கொண்ட பழைய ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. யார்டு அதன் உடன்பிறப்பு. ஆர்ச்சர்டு என்ற பழத்தோட்டச் சொல்லின் வாலிலும் அந்த யார்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொர்க்கத்தைக் குறிக்கும் பாரடைஸ்கூட, சுவர் சூழ்ந்த இடம் என்னும் பழைய ஈரானியச் சொல்லைக் கிரேக்கர்கள் எடுத்துக்கொண்டதால் வந்தது. ஆகவே இந்தச் சொற்களைச் செடிகொடிகளின் பெயர்களாகப் படிப்பதைவிட எல்லையின் பெயர்களாகப் படித்தால்தான் அவை நன்றாக விளங்கும் என்பது என் கருத்து.

சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு என்று நீங்கள் மறுக்கலாம். பொதுவாக அது சரிதான். லண்டனின் கோவென்ட் கார்டனுக்குப் போகிறவர் யாரும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் தோட்டத்தைத் தேடுவதில்லை. ஆனால் இந்தச் சொற்களில் பழைய பொருள் இன்றும் வேலை செய்கிறது. பிரிட்டனில் வீட்டை ஒட்டிய நிலத்தில் வெறும் புல் இருந்தாலும் அது கார்டன். அமெரிக்காவில் அதே நிலம் யார்டு; பூவோ காய்கறியோ பயிரிட்ட பகுதி மட்டுமே அங்கே கார்டன். பிரிட்டிஷ்காரரின் யார்டோ பெரும்பாலும் தளம் போட்ட முற்றம். செடியை வைத்துப் பார்த்தால் இது குழப்பம். ஒரு வீட்டுக்கு உரிய, எல்லை வகுத்த இடம் என்று பார்த்தால் குழப்பம் விலகுகிறது. நியூயார்க்கில் கிராமர்சி பார்க் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களில் சாவி பெற்றவர்களே உள்ளே போகலாம். பார்க் என்ற சொல்லின் ஆதிப்பொருள் அங்கே இன்னும் பூட்டோடு நிற்கிறது.

பார்க் இன்று எல்லோருக்கும் பொதுவானதுதானே என்பது அடுத்த மறுப்பு. அந்தப் பொதுத்தன்மை சொல்லோடு பிறந்ததன்று. பின்னால் போராடிச் சேர்த்தது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பப்ளிக் என்ற அடைமொழியை அதன் முன்னே வைக்க வேண்டியிருந்தது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து, பொதுப்பணத்தில் உருவான பர்க்கன்ஹெட் பார்க் 1847இல் திறக்கப்பட்டது. 1850இல் அதைப் பார்த்து வியந்த அமெரிக்கர் ஓம்ஸ்டெட்தான், பிறகு கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே இந்த வழக்கு தொடங்கிவிட்டது, அதுவும் நீதிமன்றத்தில். முதலாம் சார்லஸ் 1637இல் சுவர் எழுப்பி வளைத்த ரிச்மண்ட் பார்க்கில், மக்கள் நடக்கும் வழியைப் பின்னாளில் இளவரசி அமீலியா அடைத்துவிட்டார். ஜான் லூயிஸ் என்ற மதுவடிப்பாளர் வழக்காடி, 1758இல் அந்த நடைவழி உரிமையை மீட்டார். சுவரில் கதவு வேண்டுமா, ஏறிக் கடக்க ஏணி வேண்டுமா என்று கேட்டபோது அவர் ஏணியைக் கேட்டதாகச் சொல்வார்கள். கதவென்றால் யாராவது பூட்டிவிடலாம் அல்லவா?