வாசலில் இருந்தவர்களும் வராமல் நின்றவர்களும்



பாசாங்கைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். அடுத்தவனின் பாசாங்கைப் பேசினால் கைதட்டுக் கிடைக்கும். எங்களுடைய பாசாங்கைப் பேசினால் கதிரைகள் நகரும் சத்தம் கேட்கும். ஆனாலும் அதைத்தான் இன்று பேச வேண்டும்.

1956 ஜூன் 5. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் இதே கொழும்பில், காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் வந்து அடித்தார்கள். இரத்தம் சிந்தியது. எங்களையும் சம மனிதராக நடத்துங்கள் என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோரிக்கையில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் அது எங்கள் கோரிக்கைதான்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1968இல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் இன்னொரு கூட்டம் வந்து அமர்ந்தது. அதுவும் சத்தியாக்கிரகம்தான். சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட அவர்களும் தமிழர்கள்தான். உள்ளே விடுங்கள், நாங்களும் முருகனைக் கும்பிட வேண்டும் என்றார்கள். அவர்களை மறித்து நின்றவர்கள் யார்? சிங்களக் காடையர்கள் அல்ல. திருநீறு பூசிய தமிழர்கள். காலிமுகத் திடலில் எங்களுக்கு நடந்ததை மாவிட்டபுரத்தில் நாங்களே செய்தோம்.

இத்தனைக்கும் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. சாதியின் பெயரால் ஒருவரைக் கோயிலிலோ தேநீர்க் கடையிலோ தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியிருந்தது. பதினொரு வருடம் அது ஏட்டில் கிடந்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குப் போத்தல். அதே கடை, அதே தேயிலை, அதே காசு. 1966 அக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் அந்தப் போத்தலை மறக்காதவர்கள்.

மாவிட்டபுரத்து வாசலில் மறித்து நின்றவர்களில் முதன்மையானவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்னரே குரல் கொடுத்தவர். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். அது லண்டனில் இருந்த கோமறைக் கழகம் வரை போனது. அவர் செய்தது அநியாயம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவரைப் பாசாங்குக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். தான் நம்பியதை வெளியே சொன்னார், பட்டப்பகலில் வாசலில் நின்று செய்தார். அவரோடு முகத்துக்கு முகம் சண்டை பிடிக்கலாம்.

பாசாங்கு அந்த வாசலுக்கு வரவே இல்லை. அது வீட்டில் இருந்தது. தீண்டாமை ஒழிய வேண்டும் என்று தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள், தமிழர் எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று மேடைதோறும் முழங்கியவர்கள், அந்த நாட்களில் எத்தனை பேர் மாவிட்டபுரம் போய் அந்த மக்களோடு மண்ணில் அமர்ந்தார்கள்? இது கொம்யூனிஸ்டுகள் கிளப்பிவிட்ட பிரச்சினை என்றார்கள். இது நேரமல்ல, ஒற்றுமை குலையும் என்றார்கள். ஒற்றுமை என்ற நல்ல சொல்லை எடுத்து, பசித்தவனின் வாயைப் பொத்தினார்கள்.

பாசாங்கு என்று நான் எதைச் சொல்கிறேன்? குடிக்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லும் தகப்பன் இரவில் தானே குடித்துவிட்டு வருகிறான். அவனைப் பாசாங்குக்காரன் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அவன் அப்படித் தெரியவில்லை. அவன் பலவீனன். அவன் சொன்னது அவன் மனதறிந்த உண்மை. சொன்னபடி நிற்க முடியாமல் விழுகிறான், வெட்கப்படுகிறான். விழாத மனிதர் இந்தக் கூட்டத்தில் யார்? பாசாங்குக்காரன் வேறு. நல்லவன் என்ற பெயருக்கு வரும் மாலையைத் தான் வாங்கிக்கொண்டு, அந்தப் பெயருக்குரிய விலையை இன்னொருவன் தலையில் கட்டுகிறவன் அவன். அவனுக்கு வெட்கமும் வராது. ஏனென்றால் மாலை போட நாங்கள் வரிசையில் நிற்கிறோம். கைதட்ட ஆள் இல்லாத ஊரில் பாசாங்கு ஒரு நாளும் பிழைக்காது.

நாங்கள் போடும் மாலைக்கு எழுத்தாளர் டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே எழுதியவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார், பிற்காலத்தில் இங்கே கொழும்பில் கதிரேசன் வீதியிலிருந்து அதை நடத்தினார். 2021இல் மறைந்தார். இன்று அவர் படம் வைக்காத இலக்கிய மேடை இல்லை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் பற்றி ஆய்வரங்கு வைக்கிறோம். நல்லது, வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வரங்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஞாயிறு பத்திரிகைக்கு மணமகள் தேவை விளம்பரம் எழுதும்போது, சாதிப் பெயரை முதல் வரியில் போடுகிறோமே! இறந்துபோன ஜீவாவுக்கு மாலை போடுவது எளிது. அவர் எந்தச் சனத்துக்காக எழுதினாரோ அந்தச் சனத்தின் பிள்ளையை மருமகளாக அழைப்பதுதான் கடினம்.

கொழும்பில் சாதி இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டாரின் கோப்பையில் தேநீர் குடிக்கிறார்கள்? 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது என்று கண்ணீரோடு பேசுகிறோம். பேசிவிட்டு அந்த மக்களின் பேத்தி கழுவி வைத்த கோப்பையில் நாங்கள் குடிக்கிறோம், அவளுக்குத் தனியாக ஒரு பேணி வைத்திருக்கிறோம். அவள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதையாவது நினைக்க வேண்டாமா?

முகத்துவாரத்துக் காளி அம்மனிடம் சிங்களத் தாய்மார் வந்து நேர்த்தி வைத்துப் போகிறார்கள். எங்கள் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. வாசல் திறந்திருப்பது போதாது. உள்ளே நிர்வாகம் செய்யும் கதிரை யாருக்குத் திறந்திருக்கிறது?

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நகரத்தின் குப்பையையும் மலத்தையும் அள்ளுவதற்கு வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் பிள்ளைகள் எங்களைச் சுற்றித்தான் வாழ்கிறார்கள். உங்கள் ஆலய பரிபாலன சபை, உங்கள் சனசமூக நிலையம், உங்கள் இலக்கிய வட்டம் எதுவானாலும் அதன் பெயர்ப் பட்டியலை நாளைக்கு எடுத்துப் பாருங்கள். அந்த வீடுகளிலிருந்து ஒரு பெயராவது அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். என்னுடைய சபையில் நானும் கேட்கப் போகிறேன்.