நெஞ்சு வலித்தால் எந்த டாக்டர்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது, எந்த டாக்டரைப் பார்க்கணும்?"

நெஞ்சுக்குள்ளே இதயம் மட்டும் இல்லை. நுரையீரல், உணவுக்குழாய், எலும்பு, தசை எல்லாம் இருக்கு. தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. பெயரைக் கேட்டு இதய ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடக் கூடாது. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம். இன்றும் அங்கே முக்கியமாக நுரையீரல் நோய்களைத்தான் பார்க்கிறார்கள்.

முதலில் ஆபத்தான அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம். நடுநெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் குமட்டல், அசதி மட்டும்கூட வரலாம். "வாயுதான்" என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள். காலையில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அப்போது டாக்டரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். அதனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் முதலுதவி உயிரைக் காக்கும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறி உள்ளவருக்கு அங்கேயே அவசர மாத்திரைகள் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைகளை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் முதலில் பொது மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். பிறகு அவரே சொல்வார்:

* நடந்தால் வந்து, உட்கார்ந்தால் குறையும் வலி: இதய மருத்துவர். நாள் கடத்த வேண்டாம்.
* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளி: நெஞ்சக மருத்துவர். கல் சிற்பப் பட்டறையில் வேலை செய்பவர்கள் தூசியைப் பற்றியும் சொல்லணும்.
* சாப்பிட்டதும் எரிச்சல், புளித்த ஏப்பம்: வயிறு, குடல் மருத்துவர்.
* மீன் கூடை தூக்கிய பிறகு, தொட்டு அழுத்தினால் வலி: தசைப்பிடிப்பாக இருக்கலாம். அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் திரும்பவும் போங்கள். ஒரு ஈ.சி.ஜி.யை மட்டும் வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ராத்திரியில் யாருக்காவது வலி வந்தால் கூடப் போகிறவர் யார்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த வீட்டில் எங்கே இருக்கிறது? இதை நோட்டில் எழுதி வையுங்கள். சேமிப்பும் கடனும் மட்டுமா குழு? உயிரைக் காப்பதும் குழுவின் வேலைதான்.