எதிரிக் கூண்டில் நிற்பவனுக்கு ஏடு எங்கே?

(வல்வெட்டித்துறையில் நிகழ்ந்த பொதுக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிலே சட்டப் புத்தகங்களைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று தலைவர் அறிவித்தபொழுது, பின்வரிசையிற் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டேன். அப்புக்காத்துமாரின் அலுமாரியில் இருக்கும் பொருளால் எங்களுக்கு ஆவதென்ன என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஒரு மனிதனுக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றேன். கேட்டபின் அவர்களே முடிவு செய்யட்டும்.

நல்லரத்தினம் சிங்கராசா என்பது அவர் பெயர். 1993ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டார். சிங்களம் பேசவும் அறியார்; வாசிக்கவும் அறியார். ஆனால் அவர் கொடுத்ததாகக் கூறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலமோ சிங்களத்திலே தட்டெழுதப்பட்டிருந்தது. இடைநின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். அடியிலே சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம். சித்திரவதையினாலே பெறப்பட்ட வாக்குமூலம் என்று அவர் மன்றிலே முறையிட்டார். முதுகிலே தழும்புகளும் இடக்கண்ணிலே காயமும் இருந்தமைக்கு வைத்திய அறிக்கை சான்றாக இருந்தது. ஆயினும் 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அந்த வாக்குமூலம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 ஆண்டாகக் குறைத்தது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, நியாயமான விசாரணைக்கு அவருக்கிருந்த உரிமை மீறப்பட்டது என்று கூறியது. அந்த முடிவைத் துணைக்கொண்டு மீண்டும் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியபொழுது, 1997இல் ஜனாதிபதி அந்தக் குழுவின் அதிகாரத்தை ஏற்று ஒப்பமிட்டமையே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி, 2006இல் மனுவைத் தள்ளிவிட்டது.

இது எவ்வாறு நேர்ந்தது? 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொலிஸ் உத்தியோகத்தருக்குச் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக எண்பிக்கலாகாது என்று அதன் 25ஆம் பிரிவு கூறுகின்றது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, பொலிஸ் நிலையத்தில் நடப்பது இன்னதென்று அறிந்து இட்ட வேலி அது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவருக்குச் செய்த ஒப்புதல் சான்றாகும் என்று 16ஆம் பிரிவு விதித்தது; அது பலாத்காரத்தாற் பெறப்பட்டது என்று காட்டும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே ஏற்றிற்று. மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

எண்பிக்கும் பாரம் எதிரியின் தலையில் விழுந்த அந்தக் கணத்திலே புத்தகம் அவனுக்கு உயிர்ப்பொருளாகின்றது என்பதை நான் வலியுறுத்திக் கூற விரும்புகின்றேன். அடைத்து வைக்கப்பட்டிருப்பவன் எதைக் கொண்டு எண்பிப்பான்? முன்னைய தீர்ப்புகளைக் கொண்டும், சட்டத்தின் சொற்களைக் கொண்டும், தழும்பைக் கண்டு ஆயுதத்தைச் சொல்லும் சட்ட வைத்திய நூலைக் கொண்டுமே அவன் சட்டத்தரணி வாதாட வேண்டும். அரச தரப்பிலே சட்டமா அதிபர் திணைக்களத்தின் நூலகம் இருக்கின்றது. பருத்தித்துறை நீதவான் மன்றிலே முதல் வழக்கை எடுத்திருக்கும் இளைஞனுக்கு என்ன இருக்கின்றது?

மொழியைக் கவனியுங்கள். 1956இல் சிங்களம் மட்டும். 1961இல் நீதிமன்றங்களுக்கும் அதே சட்டம். 1987இலே தமிழும் அரசகரும மொழி. 1988இலே வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். எத்தனை மறியலும் சத்தியாக்கிரகமும் கண்டபின் வந்த உரிமை இது! ஆனால் உரிமை ஏட்டிலே வந்ததே ஒழிய, அந்த உரிமையை நடத்துதற்கு வேண்டிய ஏடுகள் தமிழில் வரவில்லை. சட்டங்களைப் பாராளுமன்றம் மும்மொழியிலும் வெளியிடுகின்றது. ஆனால் சட்டத்தின் உயிர் தீர்ப்புகளில் அல்லவா இருக்கின்றது! 1896 தொடங்கி வந்த புதிய சட்ட அறிக்கைகள் ஆங்கிலம். குற்றப் பொறுப்பைப் பற்றியும் தண்டனைச் சட்டக்கோவையைப் பற்றியும் ஜீ. எல். பீரிஸ் 1970களில் எழுதிய நூல்கள் ஆங்கிலம். சான்றுச் சட்டத்தைப் பற்றி நம்மவரான ஈ. ஆர். எஸ். ஆர். குமாரசுவாமி எழுதிய பெருநூலும் ஆங்கிலமே. தமிழிலே வழக்குரைக்கின்றோம், மனத்துக்குள்ளே மொழிபெயர்த்துக்கொண்டே உரைக்கின்றோம்.

இருந்தவற்றையும் இழந்தோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது, சட்ட அறிக்கைத் தொகுதிகளைத் தலையிற் சுமந்து செம்மணி வெளியைக் கடக்க யாரால் முடியும்?

1976ஆம் ஆண்டை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அமிர்தலிங்கம் அவர்களும் பருத்தித்துறைத் தொகுதி உறுப்பினராயிருந்த துரைரத்தினம் அவர்களும் வேறு தலைவர்களும் அரச விரோதக் குற்றச்சாட்டில் நிறுத்தப்பட்டபொழுது, அரசியலிலே எதிரெதிர் நின்ற ஜீ. ஜீ. பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே மேசையில் எழுந்து நின்றனர். 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பே செல்லுமா என்று கேட்டனர். அத்தகைய கேள்வியை எழுப்பப் பேச்சு வன்மை மட்டும் போதாது. அன்று கொழும்பின் நூலகங்கள் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தலைவனுக்கு அத்தனை சட்டத்தரணிகள் கிடைத்தார்கள். மீன்பிடிக்கப் போனவிடத்திற் பிடிபட்ட பையனுக்கு அவர்களும் இல்லை, அந்த நூலகமும் இல்லை.

இன்றைக்கு நிலைமை ஒருவகையில் மாறியிருக்கின்றது. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தம் தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடுகின்றன. நீதி அமைச்சின் லோநெற் தளத்திலே பழைய அறிக்கைகள் கிடைக்கின்றன. நம்மவர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் எனும் மின்னூல் நிலையத்திலே ஈழத்துத் தமிழ் நூல்கள் இலவசமாக இருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 முதல் தன் தீர்ப்புகளை இலவசமாகத் தருவதோடு, பலவற்றைத் தமிழிலும் பெயர்த்துத் தருகின்றது. ஒரு காலத்தில் வீடு கட்டும் செலவில் வாங்கிய அறிக்கைகளைக் கைத்தொலைபேசியில் வாசிக்கலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட முடியாது. தமிழ்நாட்டார் உயர் நீதிமன்றம் என்பது நமது மேல் நீதிமன்றத்துக்கு ஒப்பானது. நாம் உயர் நீதிமன்றம் என்பது அவர்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கு ஒப்பானது. இது தெரியாமல் மேற்கோள் காட்டிய ஒருவர் நீதவானிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இன்னொன்று: நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1860ஆம் ஆண்டின் இந்தியக் கோவையைப் பின்பற்றியது, நமது சான்றுச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியது. 24, 25, 26, 27 என்ற பிரிவு எண்களும் ஒன்றாகவே இருந்தன. ஆகையால் ரத்தன்லால், சர்க்கார் முதலியோரின் உரைகளை நாம் அப்படியே பயன்படுத்தினோம். 2024 யூலை 1ஆம் திகதி இந்தியா மூன்று பழஞ்சட்டங்களையும் நீக்கிப் புதியன கொண்டுவந்தது. அவர்களுடைய 25, 26, 27ஆம் பிரிவுகள் இப்பொழுது புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவுக்குள் அடங்கிவிட்டன. இனி வரும் இந்தியப் பதிப்பை வாங்குகின்றவன் நமது பிரிவை அதிலே தேடி அலைவான். பழைய பதிப்புகளை இந்தியக் கடைக்காரன் நிறுவைக்குப் போடும் காலம் இது. நமக்கோ அவையே வேண்டும். இதைக் கொழும்பில் எவரேனும் சிந்தித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இயந்திரத்தைக் கேட்டுப் பதில் பெறும் புதுப் பழக்கமும் வந்திருக்கின்றது. கேட்டால் வழக்கின் பெயரும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தந்துவிடும். நடந்திராத வழக்கையும் நடந்ததுபோலவே தரும்! 2023இல் நியூயோர்க்கிலே அவ்வாறு இல்லாத தீர்ப்புகளைச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். 2025இல் இலண்டன் நீதிமன்றமும் இதே குற்றத்துக்குக் கடுமையாக எச்சரித்தது. அங்கே தண்டப்பணத்தோடு போயிற்று. பிணை மனுவிலே பொய்யான மேற்கோள் அகப்பட்டால் இங்கே விளக்கமறியலிற் கிடப்பவன் சட்டத்தரணியல்லன். மூலத் தீர்ப்பைத் திறந்து தன் கண்ணால் வாசியாத எதனையும் மன்றிலே கூறாதிருத்தல் வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே, இதுவரை சட்டத்தரணிகளுக்கே பேசிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். உங்களுக்கென்று ஒரு பிரிவு வைத்திருக்கின்றேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 110ஆம் பிரிவு. எல்லைத் தகராறோ, மணல் ஏற்றிய உழவுயந்திரமோ, எதற்காகவேனும் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், நீங்கள் கூறியது முழுவதும் எழுதப்படல் வேண்டும். எழுதியதை உங்களுக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும். எழுதிய மொழி உங்களுக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியிலே பெயர்த்துச் சொல்ல வேண்டும். அதன்பின் விளக்கங் கூறவும் மேலும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பம் அதற்குப் பின்னரே. இந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சனசமூக நிலையத்துச் சுவரிலும் ஒட்டுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இதனை இந்த ஊரிலே சொல்ல வந்ததற்குக் காரணமுண்டு. இங்கே கட்டிய அன்னபூரணி இவ்வூர்க் கடலோடிகளுடன் 1938இலே அமெரிக்கா வரை சென்றது. திசையறி கருவியும் வரைபடமும் இல்லாமற் பாய் விரித்தவர்கள் அல்லர் நீங்கள். 1989 ஆகஸ்டிலே இந்திய அமைதிப்படையினரால் இங்கே 60க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபொழுது, அழுகையோடு நின்றுவிடாமல் சத்தியக் கடதாசிகளைத் திரட்டி உலகறியச் செய்ததும் இவ்வூரே. எழுத்தின் வலிமை உங்களுக்குப் புதிதன்று.

ஆதலால் நான் கேட்பது பெரிதன்று. வாசிகசாலையில் ஓர் அறை. ஒரு கணனி, ஓர் அச்சுப்பொறி. மூன்று சட்டக்கோவைகள் இன்றுவரையுள்ள திருத்தங்களோடு. தண்டனைச் சட்டக்கோவை 1995, 1998, 2006 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டுத் திரட்டை மட்டும் வைத்திருப்பவன் பழைய வரைபடத்தோடு கடலுக்குப் போகின்றவன். மன்று கூடாத சனிக்கிழமைகளில் இளம் சட்டத்தரணி ஒருவர் அங்கே இருப்பார். மாதம் ஒரு தீர்ப்பைத் தமிழாக்குவோம். ஒருவர் பெயர்க்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலாவதாக நான் எடுத்திருப்பது முருகன் இராமசாமி வழக்கு. 27ஆம் பிரிவைப் பற்றி இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1964இல் வழங்கிய தீர்ப்பு அது. எதிரி சொன்னதைக் கொண்டு பொலிசார் ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அவனுடைய சொல்லில் எவ்வளவு மன்றேறலாம் என்பதற்கு நாம் முதலில் புரட்டுவது அதனையே. தீர்ப்பு எதிரிக்குச் சாதகமானதன்று. ஆயினும் எந்த இடத்தில் தோற்றோம் என்பதை அறியாமல் அடுத்த வழக்கை எப்படி நடத்துவது?

அந்தத் தீர்ப்பு புதிய சட்ட அறிக்கைகளின் 66ஆம் தொகுதியில், 265ஆம் பக்கத்தில் இருக்கின்றது. இணையத்திலே பார்த்திருக்கின்றேன், ஒப்பிடுவதற்கு அச்சிட்ட தொகுதியும் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலே, காலஞ்சென்ற பிரக்கிராசி மாமாவின் பெட்டியிலே, பழைய தொகுதிகள் கிடக்கலாம். கறையான் எடுக்குமுன் தொகுதி எண்ணைக் குறித்துத் தலைவரிடம் கொடுங்கள். 66ஆம் தொகுதி எவரிடமேனும் இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள். நாளைக்கு நானே வந்து எடுத்துக்கொள்ளுகின்றேன்.