அனுபவத்திற்கு ஒரு சான்றிதழ்

     

நம் மக்களின் கல்வி வரலாற்றைச் சிதம்பரத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் இங்கே பள்ளி கண்டார். பள்ளியின் வாயிலுக்குள் நுழைவதே அன்று நம் போராட்டமாக இருந்தது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் தொலைதூரக் கல்வி இயக்ககம் 1979இல் தொடங்கியபின், வேலையை விடாமலே படிக்கலாம் என்னும் நிலை நம் வாயிற்படிக்கே வந்தது. அந்த வரிசையில் இன்று வந்திருப்பது இணையவழிக் கல்வி.

“இருபது ஆண்டு பாடம் நடத்திய எமக்கு இனி எதற்குச் சான்றிதழ்?” என்று நம் ஆசிரியர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பள்ளிகள் அடைக்கப்பட்டன. பாடம் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் போயிற்று. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும் என்னும் நிலையில் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கருவியைக் கற்பிக்க வீட்டிலேயே ஆள் உண்டு. நம் தெருப் பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவரே கதி. அவ்வாசிரியர்க்கே கருவி அயலானால், பிள்ளை இருமுறை பின்தங்குகிறது.

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் அனுபவமுள்ள ஆசிரியர் கல்வித் தொழில்நுட்பத்திற்கெனத் தனி உரிமம் பெறலாம். நம் நாட்டில் அத்தகைய தனி உரிமம் இல்லை. ஆயினும் வழிகள் உள. 2017இல் நடுவண் அரசு ‘ஸ்வயம்’ என்னும் இணையக் கல்வித் தளத்தைத் தொடங்கியது. காணொளி உரை, படிக்கும் பாடம், தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் கேட்கும் அவை என நான்கு உறுப்புகள் அதற்கு. அதில் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களை ஒருங்கிணைப்பது சென்னை தரமணியிலுள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். கற்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் வாரப் பயிற்சிகளை முடித்து, தேர்வுக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்தில் எழுத வேண்டும். 2019இல் தொடங்கிய ‘நிஷ்டா’ பயிற்சி, 2020 அக்டோபர் முதல் ‘தீக்ஷா’ தளத்தின் வழி இணையத்திலும் நடத்தப்பட்டது. கற்பித்தலில் தொழில்நுட்பத்தைக் கையாள்வதும் அதில் ஒரு பாடம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. 2017இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பயிற்சி பெறாமல் பணியிலிருந்த ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. நாடெங்கும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தொடக்கக் கல்விப் பட்டயத்தில் சேர்ந்து, ஸ்வயம் வழியாகப் பயின்றனர். பின்னர் வழக்கு எழுந்தது. அந்தப் பதினெட்டு மாதப் பட்டயம் புதிய நியமனத்திற்கு ஈராண்டுப் பட்டயத்திற்கு ஈடாகாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்டு 10இல் பணியிலிருந்து, குறித்த காலத்தில் முடித்தோர்க்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட ஓராண்டில் எத்தனைக் குடும்பங்கள் உறக்கமிழந்திருக்கும்! எனவே சேருமுன்பே கேளுங்கள்: வழங்குவது யார்? எதற்குச் செல்லும்? எந்த அரசாணையின்படி? கலந்துகொண்டதற்குத் தரும் தாளும், தேர்வில் வென்றதற்குத் தரும் தாளும் வேறு வேறு. பதவி உயர்வு தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்போரிடம் ஏமாறாதீர்கள். ‘தகுதி’ என்னும் சொல்லால் நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டவர்கள் நாம். நம் கையிலுள்ள தாளில் எவரும் குறை காண இடம் தரலாகாது.

படிக்க இடமும் நேரமும் வேண்டுமே! பகலெல்லாம் பள்ளி, மாலையில் அடுப்படி என்றிருக்கும் நம் ஆசிரியைகளுக்குத் தனியே இது எளிதன்று. ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் சங்கம் ஓர் அறையை ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம். நான்கு கணினிகளும் இணைய இணைப்பும் போதும். சனி, ஞாயிறுகளில் ஆசிரியர்கள் கூடிப் படிக்கட்டும்; அவ்வேளையில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கட்டும். இளைஞர்களே, அங்கே உங்களுக்கும் பணி உண்டு. கருவியை அறிந்தவர்கள் நீங்கள். பிள்ளையின் மனத்தை அறிந்தவர்கள் அவர்கள். விசைப்பலகையில் தயங்கும் முதியவரைக் கண்டு நகைக்காதீர்கள். உங்கள் கைபிடித்து அகரம் எழுத வைத்த விரல்கள் அவை.

சான்றிதழ் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அன்று. தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகி வரும் கியூஆர் குறியீட்டைத் திறந்து காட்டவும், நடவுக் காலத்தில் பள்ளி தவறிய பிள்ளைக்கு விட்ட பாடத்தைக் குரலாகப் பதிந்து தரவும் அது பயன்பட வேண்டும். அந்தப் பிள்ளை பாடத்தை விடாமல் தொடருமானால், அதுவே நம் ஆசிரியர் பெற்ற மெய்யான சான்றிதழ்.

அறையைத் திறப்போம், படிப்போம், படிப்பிப்போம்.