பேரேட்டுல பேர் இருக்கா?

எனக்கு ஊர் விருதுநகர் பக்கம் ஆமத்தூர்.

ஓய்வுக்காலப் பணம் முதலாளி மனசு வச்சுக் கொடுக்கிறதுன்னு எதிரணியில சொன்னாங்க. அப்படியா? 1979 மார்ச் 31-க்கு முன்னால ஓய்வு பெற்றவருக்கு ஒரு கணக்கு, அதுக்கப்புறம் பெற்றவருக்கு வேற கணக்குன்னு மத்திய அரசு கோடு கிழிச்சது. நகரா வழக்குல, 1982 டிசம்பர் 17-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் அஞ்சு நீதிபதிகள் அந்தக் கோட்டை அழிச்சாங்க. அரசியல் சட்டம் 14-ஆவது பிரிவு, எல்லாரும் சமம். ஓய்வூதியம் கருணை இல்லை, உரிமைன்னாங்க!

அது கவர்மெண்ட் உத்தியோகத்துக்குத்தானேன்னு கேட்பீங்க. சரி, 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் பீஸ் ரேட் தொழிலாளியையும் சேர்த்துச்சே! கடைசி மூணு மாசக் கூலியைச் சராசரி பார்த்து, வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் கூலி.

எங்க அம்மா இருபத்திரண்டு வருஷம் பட்டாசு ஆலையில சரம் பின்னினாங்க. கண்ணு மங்கி வேலையை விட்டப்போ, போய்க் கேட்டோம். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டினார். "ஆத்தா, உன் பேரே இதுல இல்லையே!" பக்கத்துல உட்கார்ந்து அதே சரம் பின்னின அக்காவுக்குப் பேர் இருந்துச்சு, பணம் வந்துச்சு. எங்க அம்மாவுக்கு மிஞ்சினது, ஒரு தீபாவளிக்குக் கொடுத்த எவர்சில்வர் தூக்குவாளி.

ஐயா, ஒரு தேதி மனுஷனைப் பிரிக்கக் கூடாதுன்னா, ஒரு பேரேடு மட்டும் பிரிக்கலாமா? (கைதட்டல்)

தாய்மார்களே, நாளைக்கு வேலைக்குப் போனதும், கூலியைக் கேட்கிறதுக்கு முன்னால கேளுங்க: "என் பேர் பதிஞ்சாச்சா?"