பொதுநூலகப் பணிக்குரிய கல்வி
(திருமுக்கூடலில் நம் சங்கத்தார் கூட்டிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்றுகூடும் இத்தலத்திலே கல்வியைக் குறித்துப் பேசுதல் மிகவும் பொருத்தமுடைத்து. இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிற் சுவரிலே, 11 ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துப் பொறித்த சாசனம் ஒன்றுளது. இவ்வூரில் ஒரு கல்விக்கூடமும், மாணாக்கர் உறையும் விடுதியும், 15 படுக்கைகளையுடைய மருத்துவசாலையும் இருந்தமையை அது கூறுகின்றது. அவற்றிற் பணிபுரிந்தார்க்குரிய ஊதியத்தையும் வரையறுக்கின்றது. பொதுப்பணி நிலைபெற வேண்டுமாயின், பயின்ற ஆளும் அவர்க்குரிய பொருளும் முன்னரே வகுக்கப்படல் வேண்டுமென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

தறியோசை கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுட் பலர் இக்காலத்துப் பட்டம் பெறுகின்றனர். அவருட் சிலர், "நூலகப் பணிக்குச் செல்லலாமா? செல்வதாயின் எதனைப் படித்தல் வேண்டும்?" என்று வினவுகின்றனர். வேறு வேலை கிடையாதார் ஒதுங்கும் இடமே நூலகம் என்று எண்ணுவாரும் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு ஒருவர் வரலாறே போதிய சான்றாம்.

சீர்காழியில் 1892 இல் தோன்றிய சீ. இரா. அரங்கநாதனார் கணித ஆசிரியராக விளங்கியவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத் தலைமையை ஏற்றார். தொடக்கத்தில் அப்பணியின் தனிமை அவருக்கு வெறுப்பையே தந்தது. மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே திரும்ப விழைந்தார். இலண்டன் சென்று பயின்ற பின்னரே அவர் உள்ளம் மாறியது. அங்கே வகுப்பறைப் பாடத்தோடு நில்லாது, பற்பல நூலகங்களை நேரிற் கண்டு, மக்கள் அவற்றை எவ்வாறு பயன்கொள்கின்றனர் என்று ஆராய்ந்தார். நூற்பகுப்பு முறையை 1933 இல் வெளியிட்டார். அவர்தம் இடையறா முயற்சியின் பயனாக, விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் 1948 இல் பொதுநூலகச் சட்டம் எழுந்தது. நாம் செலுத்தும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்திருப்பது அச்சட்டத்தின் வழியேயாம். ஆகவே ஊர் நூலகம் நம் பொருளாலும் நடப்பது. அதனை நடத்தும் அறிவையும் நம் மக்கள் பெறுதல் முறைமையன்றோ?

இனிப் படிப்பின் வகையைக் கூறுவேன். எப்பாடத்திற் பட்டம் பெற்றவரும் நூலக, தகவல் அறிவியல் இளநிலைப் படிப்பில் ஓராண்டு பயிலலாம். அதன்மேல் முதுநிலைப் படிப்பு ஓராண்டு. இரண்டையும் இணைத்து ஈராண்டாக நடத்தும் பல்கலைக்கழகங்களும் உள. இல்லத்திருந்தே படிக்க வேண்டியவர்க்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலியன வழி செய்கின்றன.

பாடங்களைத் தெரிந்தெடுக்குமிடத்தே மூன்றனை மறவாதீர்கள்.

முதலாவது, பகுப்பும் பட்டியலும். காஞ்சிப் பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் கோர்வையிட்டு நெய்பவன் எந்த இழை எங்கே சேரும் என்று அறிந்தே நாடா வீசுகின்றான். அதுபோல, ஒரு நூலின் பொருள் எதனோடு இணையும் என்று உணராதவன் அதனை உரிய அலமாரியிற் சேர்க்கமாட்டான். தவறிய இடத்தில் வைத்த நூல் தொலைந்த நூலே.

இரண்டாவது, படிப்பவர்க்குத் துணைபுரியும் பாடம். பொதுநூலகத்திற்கு வருவோர் சிறுவர், முதியோர், போட்டித் தேர்வு எழுதுவோர், எழுத்துக்கூட்டிப் படிப்போர் எனப் பலதிறத்தினர். "எனக்கு என்ன வேண்டுமென்றே சொல்லத் தெரியவில்லை" என்று தயங்கி நிற்பவரிடம் பொறுமையாக வினவி, அவர் தேடுவதைக் கண்டறிதல் ஒரு கலை. அதனை விருப்பப் பாடமென்று தள்ளிவிடாதீர்கள். மக்களிடம் பேச விரும்பாதவர் இத்தொழிலை நாடாதிருத்தலே நன்று.

மூன்றாவது, கணினியும் பாதுகாப்பும். நியூசிலாந்தில் தோன்றிய கோகா என்னும் நூலக மென்பொருளை எவரும் விலையின்றிப் பெற்றுப் பழகலாம். பழஞ்சுவடிகளையும் அச்சுநூல்களையும் பேணும் முறையையும் உடன் கற்றல் வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராகத் திரட்டிய நூல்களே 1994 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடிப்படையாயின. நம் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய செல்வம் செல்லரித்துக் கிடக்கலாம்.

உண்மையை மறைத்துப் பேசுதல் முறையன்று. பணியிடங்கள் சில, அவற்றை நாடுவோர் பலர். மாவட்ட நூலக அலுவலர் முதலிய பதவிகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிப்பு விடும்வரை காத்திருத்தல் வேண்டும். அத்தேர்வில் நூலகப் பாடத்தோடு தமிழறிவும் பொதுவறிவும் சோதிக்கப்படும். ஆதலின் இளநிலையோடு நில்லாது முதுநிலையும் முடித்து, பல்கலைக்கழக மானியக்குழுவின் நெட் தேர்விலும் தேறுவோர்க்குக் கல்லூரி நூலகக் கதவும் திறக்கும். ஒரு வழி அடைபடின் மற்றொரு வழி வேண்டும். காத்திருக்குங் காலத்தே குடும்பத் தொழிலைக் கைவிடாதிருத்தலும் அறிவுடைமையாம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பட்டம் பெற்ற மகளை மேலும் ஓரிரண்டாண்டு படிக்க விடுவதா என்று தயங்குகின்றீர்கள். மகனுக்குச் செலவிடும்போது அத்தயக்கம் எங்கே போகின்றது? நூலகரின் மேசையருகே ஒரு பெண் அமர்ந்திருப்பாளாயின், அவ்வூர்ப் பெண்மக்கள் பலர் அச்சமின்றி உள்ளே வருவர்.

சங்கத்தார்க்கும் ஒன்று கூறுவேன். கலியாண மண்டபத்திற்கு நன்கொடை திரட்டும் நாம், ஆண்டுதோறும் ஒரு மாணவர்க்கேனும் இப்படிப்பிற்குரிய கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாகாதா? அங்ஙனம் படித்தவர், எக்குலத்தார் வந்து கேட்பினும் ஒருபடித்தாக நூலெடுத்துக் கொடுப்பாராயின், நாம் கொடுத்த பொருள் ஊரனைத்திற்கும் பயன்படும்.

திருவருள் துணைநிற்க.